நூற்று எண்பது கோடுகள்

பரளச்சியில் மைக் செட் வேலைக்கு நான் சேர்ந்தது 1982-ல். எனக்குப் பதினாறு வயது. முதலாளியை மாமா என்றுதான் கூப்பிடுவேன், முறைக்கும் மாமாதான். சேர்ந்த முதல் வாரம் பிளேயர் பக்கமே என்னை விடவில்லை. வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, வண்டி போகிற பாதைக்கு மேலே ஒயரைத் தூக்கிக் கட்டுவது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, இவ்வளவுதான் என் வேலை. எட்டாம் நாள் ஒரு வட்ட அட்டையை எடுத்துச் சுழலும் தட்டின் மேல் வைத்தார். அட்டையின் விளிம்பைச் சுற்றிலும் கறுப்புக் கோடுகள். "எண்ணுடா" என்றார். நூற்று எண்பது இருந்தது.

பிளேயரை டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து ஓட விட்டார். முதலில் கோடுகள் மெல்ல ஊர்ந்தன. பக்கத்துத் திருகை அரை இம்மி திருப்பியதும் அப்படியே நின்றுவிட்டன. தட்டு சுற்றுகிறது, கோடு நிற்கிறது. மந்திரம் பார்த்தது போல் இருந்தது எனக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை விட்டு விட்டு எரிகிறது. தட்டு நிமிடத்துக்குச் சரியாக 33⅓ சுற்று சுற்றினால், ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு கோடு இருந்த இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். அதுதான் கண்ணுக்கு நிற்பதாகத் தெரிகிறது. இந்தக் கணக்கு எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. அன்றைக்கு மாமா சொன்னது ஒரே வரி: "கோடு நின்னாத்தான் முள்ளை வைக்கணும்."

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கரிசல் காடு, பருத்தி, மிளகாய், மல்லி, கண்மாய்க்கரைக் கருவேல். ஒலியைத் தடுக்க மலையும் இல்லை, மாடி வீடும் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு குழாயை அருப்புக்கோட்டைப் பக்கமாகவும் இன்னொன்றைக் கமுதிப் பக்கமாகவும் திருப்பிக் கட்டினால், இரவில் எந்த ஊரில் பொங்கல் என்று பத்து ஊருக்குத் தெரியும். அதனால் எந்தத் தட்டு, எந்த நேரம் என்பதில் மாமா கறாரானவர். காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அந்தத் தட்டில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது, முதல் பாட்டு முள் தட்டினால் ஊரே சகுனம் பார்க்கும். பிறகு டி.எம். சௌந்தரராஜனின் முருகன். பொங்கல் பானை ஏறும்போது எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுகள். சாப்பாடு முடிந்து சனம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு 'திருவிளையாடல்' கதை வசனம். இரண்டு வருடம் கழித்து 'விதி' வசனம் கேசட்டில் வந்தபோது அதுவும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

ரசனையைப் பற்றி நான் கேட்ட முதல் சண்டையும் ஒரு பொங்கல் இரவில்தான். கரண்ட் போய்விட்டது. வாடகை ஜெனரேட்டரில் செட்டை மாற்றினோம். நான் ஒழுங்காக அட்டையை வைத்துப் பார்த்தேன். கோடு நின்றது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். கால் மணி ஆவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் பந்தலுக்கு வந்தார். வள்ளி திருமண நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுகிறவர். நாங்கள் எல்லோரும் ஆர்மோனிய மாமா என்போம்.

"தம்பி, காருகுறிச்சி அரைக் கட்டை எறங்கி வாசிக்கிறாரே, அவருக்கு என்ன ஒடம்பு சரியில்லையா?"

"கோடு நிக்குது மாமா, நீங்களே பாருங்க."

"கோடு நிக்கட்டும். சுருதி நிக்கலையே."

முதலாளி மாமா ஓடிப் போய் ஜெனரேட்டரில் தொங்கிய சீரியல் செட்டுகளில் பாதியைப் பிடுங்கிவிட்டார். இஞ்சின் மூச்சு வாங்கியது போல் வேகம் பிடித்தது, நாதஸ்வரம் மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. விஷயம் இதுதான். சுமை கூடியதால் ஜெனரேட்டர் தளர்ந்து 50 ஹெர்ட்ஸ் 47-க்குப் பக்கமாக இறங்கிவிட்டது. மூன்று ஹெர்ட்ஸ் இறங்கினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கும். ஆனால் டியூப்லைட்டும் அதே ஜெனரேட்டரில்தான் எரிகிறது. மோட்டாரும் விளக்கும் சேர்ந்தே தளர்ந்தால் கோடு நின்றபடிதான் இருக்கும். அளவுகோலும் அளக்கிற பொருளும் ஒன்றாகச் சுருங்கினால் எந்தக் கண்ணால் கண்டுபிடிப்பது? அந்தப் பெரியவரின் காது எந்த விளக்கையும் நம்பி இருக்கவில்லை. அன்றையிலிருந்து நான் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போக ஆரம்பித்தேன்.

திண்ணையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், தையல்கார அண்ணன். விஸ்வநாதன் ராமமூர்த்தி பக்தர். அந்த இரட்டையர் 1965-ல் பிரிந்ததை வீட்டில் நடந்த பாகப்பிரிவினை போலப் பேசுவார். ஆர்மோனிய மாமாவுக்கோ உலகமே எஸ்.ஜி. கிட்டப்பாவோடு நின்றுவிட்டது. 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்துபோன மனிதர். மாமா அவரை மேடையில் பார்த்ததில்லை, 78 தட்டுகளில் கேட்டதுதான் எல்லாம். நான் 'அன்னக்கிளி' பிள்ளை. 1976-ல் பத்து வயதில், பக்கத்து ஊர்க் கல்யாணக் குழாயிலிருந்து அந்தப் பாட்டுகள் காற்றில் வந்தபோது ஆட்டை மேய விட்டுவிட்டு நின்றவன். இளையராஜாவைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்கு முகம் சிவக்கும்.

மதியத்துக்கு மேல் வெயில் தாளாமல் ஊர் அடங்கியிருக்கும். தையல்கார அண்ணன் கால் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கேட்பார். "பத்தே பத்து ரெக்கார்டு. வீடு தீப்பிடிச்சா கையில அள்ளிட்டு ஓடுறது பத்து. சொல்லு பாப்போம்." இந்த ஒரு கேள்வியில் எத்தனை மதியங்கள் போயின என்று கணக்கில்லை. அண்ணனின் பத்தில் 'பாசமலர்', 'கர்ணன்', 'புதிய பறவை' மூன்றும் அசைக்க முடியாதவை. மாமாவின் பத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி முதலில். நான் ஒன்றைச் சொன்னால் இருவரும் சேர்ந்துகொண்டு என்னைத் தாக்குவார்கள். நான் வீட்டுக்குப் போய் அவர்கள் சொன்ன தட்டை மறுபடி மறுபடி கேட்பேன், குறை கண்டுபிடிக்க. குறை கண்டுபிடிக்கக் கேட்டுக் கேட்டுத்தான் தோடி எனக்குள் போனது. விரும்பிக் கேட்டிருந்தால் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டேன். இன்று என் காதில் இருக்கிற இசையில் பாதி, நான் எதிர்த்துப் பேசியவர்கள் போட்டது.

அந்தத் தோடித் தட்டை நான் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1985 வாக்கில் நான் கேசட் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்திருந்தேன். ஊர்க்காரர்கள் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொண்டுவருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. அந்தக் காகிதங்களை நான் எறியவில்லை, ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன். யார் யாருக்கு எது உயிர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டேப்பின் ஹெட் துடைக்க ஸ்பிரிட் வைத்திருப்பேன். மாமாவின் தோடித் தட்டில் கரிசல் தூசி அப்பியிருந்தது. அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு சுற்றுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு சுற்று. வந்தது அழுக்கு இல்லை, தட்டே வந்துகொண்டிருந்தது. பழைய 78 தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரி கதவுக்குப் பாலீஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே ஊறப் போடுகிறார். பார்த்து வளர்ந்த விஷயம், அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை.

மாமா தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மினுமினுப்புப் போயிருந்தது. "போடு" என்றார். எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு அடியில் எங்கேயோ ராஜரத்தினம் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். ஒரு சொல் திட்டவில்லை. அதை இன்னொன்று வாங்கிக் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். நான் சேகரிப்பாளன் ஆனது அந்தக் கடனால்தான். (வினைல் தட்டுக்கு வேறு பக்குவம். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு, பழைய வேட்டித் துணி, பள்ளம் ஓடுகிற போக்கிலேயே துடைக்க வேண்டும். வெயிலில் மட்டும் வைக்கவே கூடாது. டிராக்டர் மேல் அரை மணி இருந்த தட்டு அப்பளமாக நெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.)

தேடிப் போன பிறகுதான் இது எவ்வளவு பெரிய உலகம் என்று தெரிந்தது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரமாயிரமாய் 78 தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பதைப் பத்திரிகையில் படித்தேன். 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் 78 தட்டுகளைத் தேடி அலைகிறார்கள் என்பதும் அப்போது தெரிந்ததுதான். மற்ற நாடுகள் 78-ஐ மூட்டை கட்டிய பிறகும் கல்கத்தா டம்டம் ஆலையில் அது அச்சாகிக்கொண்டிருந்தது, ஏனென்றால் கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கிற கிராமபோன்தான் இருந்தது. எங்களைப் போன்ற ஊர்களால்தான் அந்தத் தட்டு பிறந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

1989-ல் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கட்டாக இருபது தட்டு வாங்கினேன். மேலே நாதஸ்வரம் இருந்தது, தோடியாக இருக்கும் என்று பிரிக்காமலே பணம் கொடுத்துவிட்டேன். தோடி இல்லை. நடுவில் நீலமும் கறுப்புமாய் ஓர் உறை, எக்காளம் போன்ற வாத்தியத்தை வாயில் வைத்த ஒரு கறுப்பு மனிதர். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. ஜாஸ் என்ற சொல்லுக்கு எனக்கு அப்போது சினிமா கிளப் டான்ஸ்தான் அர்த்தம்.

முதலில் போட்டது குழாயில். தோட்டத்தில் புது யூனிட் ஒன்றைச் சோதிக்கக் கட்டியிருந்தேன், கையில் கிடைத்த தட்டு அதுதான். ஒன்றுமே புரியவில்லை. நீண்ட மௌனம், பிறகு இரண்டு சுரம், மறுபடி மௌனம், மறுபடி அதே இரண்டு சுரம். தட்டு தேய்ந்திருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். மாதங்கள் கழித்து வீட்டுப் பெட்டி ஸ்பீக்கரில் போட்டபோதுதான் திடுக்கிட்டேன். அந்த மௌனங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். 'ஸோ வாட்' என்கிற முதல் உருப்படியில் பல்லவியை எடுப்பது பால் சேம்பர்ஸின் பெரிய பாஸ் வாத்தியம். அது ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்வார்கள். குழாய் அடிச்சுரங்களை எடுக்காது. நாதஸ்வரமும் ஈஸ்வரியும் கணீரென்று வருகிற அதே குழாய், அன்றைக்குக் கேள்விகளை விழுங்கிவிட்டுப் பதில்களை மட்டும் கரிசல் காட்டுக்கு அனுப்பியிருக்கிறது. எத்தனை தட்டுகளைக் குழாயில் மட்டும் கேட்டுவிட்டு மட்டம் என்று ஒதுக்கினேனோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கேட்டேன்.

திண்ணைக்குக் கொண்டுபோனேன். தையல்கார அண்ணன் ஒரு பக்கம் கேட்டுவிட்டுச் சொன்னார், "இது புதுசா? 'புதிய பறவை'யில சுசீலா பாடின கிளப் பாட்டைப் போட்டுக் கேளு. 1964-லயே நம்மாளு செஞ்சிட்டாரு." நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டின் தளர்வான நடையும் ஊதுகுழல்களின் இழைவும் ஜாஸ் கேட்டவர்கள் கையில்தான் வரும். ஆனால் அங்கே எல்லாம் எழுதி வாசித்தது. இங்கே எழுதியது அரைப் பக்கம்கூட இருக்காது, மற்றதெல்லாம் அந்தந்த நிமிடத்தின் கற்பனை. நம் ஆலாபனை போல.

ஆர்மோனிய மாமாதான் நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கரகரப்பிரியா சுரம்" என்றார். பெட்டியைத் திறந்து விரலை வைத்தார். விரல் நின்றது. இரண்டு கட்டையும் சேரவில்லை, இரண்டரையும் சேரவில்லை. நடுவில் கிடந்தது. "ஒன் பிளேயர் ஓடுதுடா." அட்டையை வைத்தேன், ஊர்க் கரண்ட், கோடு நின்றது. "அப்ப ஒன் கோடும் பொய்யி." அவருக்கு ஜெனரேட்டர் இரவு ஞாபகம் இருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்து 'ஆல் ப்ளூஸ்' ஐந்து கட்டையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றது. ஒரே தட்டு, ஒரே பிளேயர். ஒரு பக்கம் கட்டைக்கு வெளியே, ஒரு பக்கம் கட்டையில். மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மாமாவுக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. 'ஸோ வாட்'டில் பதினாறு ஆவர்த்தம் போனதும் எட்டு ஆவர்த்தத்துக்கு எல்லாமே அரைக் கட்டை மேலே தாவும், பிறகு இறங்கி வந்து இன்னும் எட்டு. "ராகத்தை மாத்து, வேணாங்கல. ஆதார சுருதியைத் தூக்கி வேற எடத்துல வைக்கிறவன் எப்படிப்பா வித்வான்? வீட்டுக்குள்ள இருக்கையில அஸ்திவாரத்தை நகத்துவியா?" நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்திருந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த தட்டு. அதில் இரண்டு வகை அஸ்திவாரமும் ஒரே வீட்டில் இருக்கிறதே என்றேன். "அவன் வாசல் வச்சிருக்கான். இவங்க சுவரேறிக் குதிக்கிறாங்க" என்றார். சுருதி விஷயத்தில் அவருக்கு அவ்வளவு ரோஷம் வரக் காரணம் உண்டு. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்கு இடம் கிடையாது. கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற சுரத்தை அதனால் தொட முடியாது, கமகம் வராது என்பது காரணம். தன் பெட்டிக்கு வெளியே கிடக்கிற சுரம் என்றாலே அவருக்குப் பழைய காயம்.

ஆனால் அதே தட்டின் கடைசி உருப்படி அவரை மாற்றியது. 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்'. ஐந்து சுர வரிசைகள், ஒவ்வொன்றிலும் வாசிக்கிறவர் விரும்பும் வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்பதுதான் ஏற்பாடு. அதை நான் சொல்லவில்லை, அவரே கேட்டுக் கண்டுபிடித்தார். "விருத்தம்டா. ராகமாலிகை விருத்தம் பாடுறாங்க. பாட்டு வரிதான் இல்லை." அதிலும் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு இறங்குகிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை ஆர்மோனியத்தின் துருத்தியை மெல்லத் தள்ளி, கூடவே ஒற்றைச் சுரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோடி எனக்கு 1991-ல் கிடைத்தது, விளிம்பில் ஒரு விரிசலோடு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்கும். மாமா வாங்கி வைத்துக்கொண்டார். பழையதையும் கொடுக்கவில்லை.

முதல் பக்கத்துச் சுருதி மட்டும் புதிராகவே இருந்தது. 2003-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த தங்கை மகன் அதே 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் குறுந்தகடாக வாங்கி வந்தான். உள்ளே இருந்த தாளை அவனே படித்துச் சொன்னான். 1959 மார்ச் 2-ம் தேதியும் ஏப்ரல் 22-ம் தேதியும் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு. முதல் நாள் ஓடிய டேப் மெஷின் சரியான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அந்த நாளின் மூன்று உருப்படிகள்தான் முதல் பக்கம். 1992-ல் வேறொரு டேப்பிலிருந்து எடுத்துச் சரிசெய்யும் வரை, உலகமெங்கும் விற்ற தட்டுகளில் முதல் பக்கம் கட்டைக்கு வெளியேதான் ஒலித்திருக்கிறது. முப்பத்து மூன்று வருடம்! கேட்டதும் நான் செருப்புப் போடாமல் மாமா வீட்டுக்கு நடந்தேன். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது, காது நன்றாக இருந்தது. "அங்கயும் ஜெனரேட்டரா?" என்று கேட்டார்.

தொழில் மாறிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் மத்திய அரசின் விதி வந்தது. கூம்புக் குழாய்களுக்கும் போலீஸ் கெடுபிடி. நியாயமான விதிதான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எதிரே குழாய் கட்டியவன் நான். என் குழாய்கள் பரண் மேல் இருக்கின்றன. தட்டுகள் எண்ணூறுக்குப் பக்கம், எல்லாம் நிமிர்த்தி வைத்தது. வேகத்தை ஏற்றி இறக்கும் நழுவுபொத்தான் வைத்த ஒரு பிளேயரைப் பழையதாக வாங்கினேன். வீடு முழுக்க எல்இடி வந்துவிட்டது, அந்த வெளிச்சத்தில் கோடு தெரியாது. அதனால் பிளேயருக்கு மேலே மட்டும் பழைய சோக் போட்ட டியூப்லைட் ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்தப் பிளேயர் வந்த அன்று மாமாவையும் தையல்கார அண்ணனையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அண்ணன் வழக்கம்போல் 'புதிய பறவை'யைக் கையோடு கொண்டுவந்திருந்தார், ஒப்பிட்டுக் காட்ட. மதுரையில் வாங்கிய அதே தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன். மாமா ஆர்மோனியத்தை மடிக்குப் பக்கத்தில் இழுத்து இரண்டு கட்டையில் விரலை வைத்துக்கொண்டு, "எறக்கு" என்றார். பொத்தானை மெல்லக் கீழே நகர்த்தினேன். "இன்னும்." நகர்த்தினேன். "கொஞ்சம்... நிறுத்து."

ஆர்மோனியமும் பால் சேம்பர்ஸின் பாஸும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. விளக்குக்குக் கீழே அட்டையின் நூற்று எண்பது கோடுகளும் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.